பாதி பார்த்த பனிப்படம்

காலில் செருப்பு இல்லை என்பதைக் கவனித்தபோது திண்டிவனம் எனக்குப் பின்னால் நாலு கிலோமீட்டர் போயிருந்தது. விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். மதியம் இரண்டு மணி இருக்கும். உடம்பில் பனியன், தோளில் துண்டு, பேன்ட் பையில் ஆதார் அட்டை. சட்டை, பை, சோற்று டப்பா, செருப்பு எல்லாம் மல்லாட்டை மில்லில் கிடந்தன. மல்லாட்டை என்றால் நிலக்கடலை. அந்தப் பக்கத்து ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. நான் ஏறவில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவர் "எந்த ஊரு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நடந்தேன். பின்னால் ஒரு பைக் வேகம் குறைந்தால் என் முதுகுத் தோல் இழுத்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் ஓடுகிறவன் என்று தெரிந்துவிடும் என்று நினைத்துத் திரும்பாமலே நடந்தேன். அந்த பைக்குகள் எல்லாம் இளநீர்க் கடைக்கு ஒதுங்கியவை.

எல்லாவற்றுக்கும் ஒரு சினிமாதான் காரணம் என்று சொன்னால் சிரிப்பார்கள். முழுக் காரணம் அது இல்லை. ஆனால் அதில்தான் ஆரம்பித்தது.

மில்லில் மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் பெரிய போன் வைத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அதை ஒரு மூட்டையின் மேல் சாய்த்து வைத்து, தினமும் இருபது நிமிடம் ஒரு பழைய வெளிநாட்டுப் படத்தைத் தமிழில் ஓட்டுவார். பனி மூடிய ஓர் இடத்தில் சில ஆண்கள் வேலைக்காகத் தங்கியிருக்கிறார்கள். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த ஏதோ ஒன்று உள்ளே புகுந்துவிடுகிறது. அதற்கென்று உருவம் கிடையாது. ஒருவனைப் பிடித்தால் அவனாகவே ஆகிவிடும். அதே முகம், அதே இருமல், அதே கோபம். அப்புறம் மற்றவர்களுக்கு மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: நம்மில் யார் அது?

தமிழில் பேசவைத்தவர்கள் செலவைக் குறைத்திருந்தார்கள். மூன்று பேருக்கு ஒரே குரல். முகம் தெரியாத இருட்டில் அந்தக் குரல் "நான்தான், கதவைத் திற" என்றால், மூவரில் யார் என்று உள்ளே இருப்பவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

"மூணு பேருக்கும் ஒரே தொண்டைடா! இவனுங்களுக்கு தனியா ஒரு பூதம் வேற வேணுமா?" என்றார் போன்காரர். எல்லோரும் சிரித்தோம்.

எங்களோடு சொத்தைப் பருப்பு பொறுக்கும் அக்கா ஒருத்தி உட்கார்ந்து பார்ப்பாள். கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. திண்டிவனத்துக்கு மேற்கே வல்லம் பக்கத்துக் கிராமம். அவள் மட்டும் ஒருநாள் கேட்டாள்: "ஏம்பா, அதுக்கு தான் யாருன்னு தெரியுமா? இல்ல, அதுவும் தன்னை மனுஷன்னே நெனச்சிக்கினு இருக்குதா?"

"அக்கா, சோறு துன்ற நேரத்துல பேஜாரு பண்ணாத" என்றார் போன்காரர்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது பல வருஷங்களுக்கு முன்னால், ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனி ஷெட்டில். ஹிந்தியில் ஓடியது. எனக்கு ஹிந்தி தெரியாது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, தமிழே தட்டுத் தடுமாறித்தான். ஆனாலும் படம் புரிந்தது. வடக்கிலிருந்து வந்த பையன்கள் இருபது பேர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பாதியில் ஷிப்ட் மணி அடித்தது, எழுந்து போனோம். பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, வருகிற ஜந்து ரப்பரில் செய்தது என்று பார்த்தாலே தெரிகிறது. இருந்தும் ஷெட் ஷெட்டாக, போன் போனாக இந்தப் படம் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. தெரியாத ஆண்களோடு ஒரே கூரைக்குக் கீழே படுத்தவனுக்கு அதில் கற்பனை என்று அதிகம் இல்லை. பக்கத்துப் பாயில் இருப்பவன் சொல்கிற பெயர்தான் அவன் பெயர் என்பதற்கு யார் சாட்சி?

நானே பொய் சொல்லித்தான் மில்லில் சேர்ந்தேன். தூரத்து ஆட்கள் சொல்லாமல் போய்விடுகிறார்கள் என்று மேஸ்திரி அக்கம்பக்கத்து ஆட்களையே எடுத்தார். நான் அதற்கு முன் ஒரு மாதம் வல்லம் பக்கம் கடலை பிடுங்கும் வேலையில் இருந்தேன். அந்தத் தைரியத்தில் "வல்லங்க" என்றேன். உண்மையில் என் ஊர் கொள்ளிடத்துக்குத் தெற்கே. எங்களுக்குக் கடலை, இவர்களுக்கு மல்லாட்டை. எங்களுக்குக் கேழ்வரகு, இவர்களுக்குக் கேவுரு. நாங்கள் வந்துகிட்டு இருப்போம், இவர்கள் வந்துக்கினு இருப்பார்கள். மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் வாய்க்குப் பழக்கினேன். தனியாக மூட்டை அடுக்கும்போதுகூட "அடுக்கிக்கினு கீழ வெச்சிக்கினு" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

படத்தில் முக்கால்வாசி வந்தபோது போன்காரரின் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. யாரோ ஒரு பெண் அழாத குறையாகப் பேசினாள். வெளியூர் ஆட்கள் கிராமம் கிராமமாகச் சுற்றுகிறார்கள், பிள்ளைகளைத் தூக்குகிறார்கள், கூலி வேலைக்கு வந்தது மாதிரி நடிக்கிறார்கள், நம்ம பாஷையே பேசுகிறார்கள், யாரையும் நம்பாதீர்கள். எந்த ஊரில் எந்தப் பிள்ளை என்று அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று முதல் சாப்பாட்டு நேரத்தில் படத்துக்கு முன்னால் அந்தப் பதிவு ஓடியது. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு மட்டும் பட்டதோ என்னவோ.

விளையாட்டாகத்தான் தொடங்கினார்கள். "நம்மள்ல யாருடா அது?" என்று போன்காரர் கேட்பார். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவனைக் கை காட்டுவார்கள். சிரிப்பு. மூன்றாம் நாள் இரண்டு கைகள் என்னைக் காட்டின. மறுநாள் நாலு.

நான் கிளம்பிய நாள் மதியம், டப்பாவைத் திறக்கும் முன் போன்காரரிடம் ஏதோ சொன்னேன். "வண்டி வந்துக்கினு இருக்குதுண்ணே, நான் சாப்ட்டுக்கினே பாத்துக்கினு இருக்கேன், நீங்க படுத்துக்கினு இருங்க" என்கிற மாதிரி.

அக்கா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "ஏன் தம்பி, எங்க ஊர்ல பொறந்தவன்கூட இத்தினி கினு போடமாட்டான். எண்ணிக்கினு போடறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. படத்தை நிறுத்தினார்.

"வல்லத்துல நீ எந்தத் தெரு?" என்றார்.

"பஸ் ஸ்டாண்டு பக்கம்ணே."

"அக்கா, நீ அந்தப் பக்கந்தான? கேளு."

"உங்க வார்டு மெம்பரு யாரு?" என்றாள் அக்கா. இன்னும் விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "ஏரிக்குப் போற வழியில என்னா கடை இருக்குது?" அதுவும் தெரியவில்லை. நான் வயலில் வேலை செய்து வயலில் தூங்கியவன். தெருக்களைப் பார்க்கவில்லை.

"ஆதார் வெச்சிருக்கியா?" என்றார் போன்காரர்.

பேன்ட் பையில் இருந்தது. கொள்ளிடத்துக்குத் தெற்கே உள்ள விலாசத்தோடு, என் முகத்தோடு. அதைக் காட்டினால் நான் பொய்யன் என்பது உறுதி. காட்டாவிட்டால் நான் அது என்பது உறுதி. "ரூம்ல இருக்குதுண்ணே" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

ஒருவன் எழுந்து போய் முன் கேட்டைச் சாத்தினான். காற்றுக்குச் சாத்துவதுபோல. இன்னொருவன் மூட்டை தூக்கும் கொக்கியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். பகல் வெயில், தகரக் கூரை, எங்கும் பருப்புத் தோல் பறக்கிறது. மூன்று மாதமாக என் டப்பாவில் கைவிட்டு ஊறுகாய் எடுத்தவர்கள். அந்த முகங்களில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவர்களும் பயந்திருந்தார்கள். பயந்த ஐந்து பேர் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும், முக்கால்வாசிப் படம் பார்த்திருந்தேன்.

அக்காதான் பேசினாள். "சோறு துன்ற நேரத்துல என்னாடா இது? அவன் போயி கை கழுவிக்கினு வரட்டும், அப்புறம் கேளுங்க. போ தம்பி, ஜல்தியா போ."

கை கழுவும் குழாய் பின்பக்கம், சுவர் பாதி இடிந்த இடத்தில் இருந்தது. அதை எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். தப்பித்துப் போ என்று சொன்னாளா, நிஜமாகவே கை கழுவத்தான் சொன்னாளா என்பது எனக்கு இன்றும் தெரியாது. குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தம் உள்ளே கேட்கட்டும் என்று அப்படியே ஓடவிட்டுச் சுவரைத் தாண்டினேன்.

நடந்துகொண்டே இதைத்தான் யோசித்தேன். அந்தப் படத்தை எல்லோரும் சந்தேகப்படுகிறவனின் பக்கம் நின்றே பார்க்கிறோம். நானும் இரண்டு முறை அப்படித்தான் பார்த்தேன். படம் இத்தனை வருஷம் சாகாமல் ஓடுவதற்கு, அடுத்தவன் அதுவாக இருப்பானோ என்கிற பயம் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அடியில் இன்னொரு பயம் இருக்கிறது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தால், நான் நான்தான் என்பதை எதைக் காட்டி நிரூபிப்பேன்? அச்சு அசலாக இருப்பதே அங்கே குற்றம். நான் கினு போடத் தெரியாமல் மாட்டவில்லை, ஒன்றுகூட விடாமல் போட்டு மாட்டினேன். பிள்ளை பிடிக்கிறவன் இல்லை நான். ஆனால் கூலிக்காரன் மாதிரி நடித்தவனா என்றால், இல்லை என்று முழு மனதோடு சொல்ல வாய் வரவில்லை. அதற்குத் தான் யாரென்று தெரியுமா என்ற அக்காவின் கேள்வி எனக்கானது.

கூட்டேரிப்பட்டு வரை நடந்தேன். பாதம் இரண்டும் கொப்பளித்துவிட்டது. அங்கிருந்து வைக்கோல் டிராக்டர் ஒன்று ஏற்றிக்கொண்டது. எஞ்சின் சத்தத்தில் கேள்வி கேட்க முடியாது என்பதால் ஏறினேன். அன்று விழுப்புரம் ஜங்ஷனில் படுத்தேன். அங்கே எல்லோரும் வெளியூர்.

காலையில் ஜங்ஷனுக்கு வெளியே ஒரு டிபன் கடையில் ஆள் வேண்டும் என்று அட்டை தொங்கியது. முதலாளி இட்லிக் குண்டானிலிருந்து தலையை எடுக்காமல் "எந்த ஊரு?" என்றார். "கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கமுங்க" என்றேன். ஆதாரைக் காட்டினேன். பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "பின்னாடி போ. செருப்பு ஒண்ணு கெடக்கும், போட்டுக்கோ" என்றார்.

தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். கல்லாவில் அவருடைய போனில் யாரோ அனுப்பிய குரல் பதிவு ஓட ஆரம்பித்தது. "எல்லாருக்கும் சொல்லிக்கினு இருங்க. ஒல்லியா, கறுப்பா, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். வல்லம்னு பொய் சொல்லிக்கினு மில்லுல இருந்தான். நேத்து செவுரு ஏறிக் குதிச்சிட்டான். உஷாரா இருங்க." போன்காரரின் குரல். ஒரே தொண்டை என்று சிரித்த அதே தொண்டை. ஆயிரம் பேரில் அடையாளம் தெரியும் எனக்கு. கையிலிருந்த தட்டை மெதுவாக, சத்தம் வராமல் தண்ணீருக்குள் விட்டேன். ஒல்லியாக, கறுப்பாக, முப்பத்தைந்து வயதில் அந்தக் கடையிலேயே நாலு பேர் இருந்தோம்.

முதலாளி பின்பக்கம் வந்தார். "கேட்டியா?"

"கேட்டேங்க."

"எவனாவது வல்லம்னு சொல்லிட்டு வேலை கேட்டு வந்தா என்கிட்ட சொல்லு."

"சொல்றேங்க."

சாயங்கால வியாபாரத்துக்கு வேகவைக்க ஒரு கூடை வந்து இறங்கியது, மண் ஒட்டிய பச்சைக் காய். அலசச் சொன்னார். கூடையிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டே, "உங்க ஊர்ல இத என்னான்னு சொல்லுவீங்க?" என்றார்.

"கடலைங்க."

"இங்க மல்லாட்டை."

"அப்படிங்களா?" என்றேன், முதல்முறை கேட்கிறவன் மாதிரி. கூடையைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய் அலச உட்கார்ந்தேன்.