ஐந்தாவது கோடு

சட்டைக்கு இரண்டு கை என்பது ஊருக்கே தெரியும். அதில் ஒன்று இடது, மற்றது வலது என்பதுதான் வெட்டுகிறவர்களுக்குச் சமயத்தில் மறந்து போகும். பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் எல்லோரும் 'கட்டிங் அக்கா' என்று கூப்பிடும் பெண்ணுக்கு ஒரு திங்கட்கிழமை காலை மறந்தது. துணியை இருபது அடுக்காக விரித்தாள். கைக்கான அட்டையை வைத்து சாக்பீஸால் சுற்றி வரைந்தாள். அடுத்து அட்டையைத் திருப்பிப் போட்டு வலது கையை வரைய வேண்டும். திருப்பாமலே வரைந்தாள். வெட்டு மெஷின் ஓடி நின்றபோது மேஜைமேல் நாற்பது இடது கைகள் கிடந்தன. நல்ல பக்கம் ஒன்றே ஒன்று உள்ள துணி அது. புரட்டிப் போட்டு ஒப்பேற்றவும் வழியில்லை.

இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை. முதலாளியம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ பட்டன் பக்கமே போயிடு. மேஜைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார்.

அவள் பட்டன் பக்கத்திலிருந்து வந்தவள்தான். ஏழு வருடம் பட்டன் தைத்து, கழுத்து பிடித்துக்கொண்டு, கெஞ்சிக் கூத்தாடி வெட்டக் கற்றுக்கொண்டு அந்த மேஜைக்கு வந்தவள். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. திரும்பிப் போவதை நினைத்தாலே அழுகை வந்தது. ஆனால் அழுகையோடு ஒரு கேள்வியும் வந்தது. மூன்று தப்பும் ஏன் காலை ஒன்பதரைக்குள்ளேயே நடந்தன? சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்கும் மத்தியானத்தில் ஒன்றுகூட நடக்கவில்லையே?

கேள்வி வந்துவிட்டால் அவளை விடாது. பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் காலர் ஏன் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் இறங்க மாட்டாள். இதனாலேயே இரண்டு முறை நிறுத்தத்தைத் தவறவிட்டிருக்கிறாள். இப்போது தன் காலையையே பிரித்துப் பார்க்க உட்கார்ந்தாள். பழைய டைரி ஒன்றை எடுத்து, அன்றன்றைக்கு எழுந்த நேரம், சாப்பிட்டது, பஸ்ஸில் உட்கார்ந்தாளா நின்றாளா, முதல் வெட்டு எப்படி வந்தது என்று எழுதத் தொடங்கினாள்.

நாத்தனார் காதுக்கு விஷயம் போனது. அவளுக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் போனில் ஒரு வீடியோ உண்டு. "அண்ணி, காலையில ஐஞ்சு மணிக்கு எந்திரிங்க. வெறும் வயித்துல தண்ணி குடிங்க. இன்னைக்கு என்ன சாதிக்கணும்னு மூணு விஷயம் எழுதுங்க. அப்புறம் பாருங்க" என்றாள்.

அக்கா அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று ஐந்து மணிக்கு எழுந்தாள். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள். கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். சாதிக்க வேண்டியவை என்று மூன்று எழுதினாள்: கை சரியாக வெட்டணும், காலர் சரியாக வெட்டணும், கை சரியாக வெட்டணும். பத்து நாளில் கண்ட பலன், பஸ்ஸில் பாதி வழியில் கழிப்பறைக்கு அவசரம் வந்ததுதான். முதல் வெட்டின்போது கவனம் எங்கோ போவது மட்டும் மாறவில்லை.

எங்கே போகிறது என்று அதன் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். மேஜை முன் நின்று, சாக்பீஸைத் தொடும்முன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று டைரியில் எழுதினாள். எழுதிப் படித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. கேஸை மூடினோமா, குழாயை மூடினோமா, அயர்ன் பாக்ஸைப் பிடுங்கினோமா, பின் ஜன்னலைச் சாத்தினோமா. உடம்பு துணி விரித்துக்கொண்டிருக்க, மனசு வீட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

இதற்கு அவள் தொழிலிலேயே மருந்து இருந்தது. வெட்டின துண்டு எது, வெட்டாதது எது என்று குழம்பாமலிருக்க சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கோடு விழுந்தால் வேலை முடிந்தது, அப்புறம் அதை யோசிக்க வேண்டியதில்லை. தேய்ந்துபோன சாக்பீஸ் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றையும் மூடியதும் வாசல் கதவின் உள்பக்கத்தில் ஒரு கோடு. நான்கு கோடு விழுந்தால் செருப்பு. மாலையில் வந்து அழிப்பாள்.

நன்றாகத்தான் வேலை செய்தது. கேஸும் குழாயும் மனசைவிட்டுப் போயின. ஆனாலும் ஒரு வியாழக்கிழமை, அட்டையைத் திருப்பாமல் மறுபடி வரையப் போனாள். பக்கத்து மெஷினில், வாய் ஓயாததால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கியவள், நல்லவேளையாகப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, கை எந்தப் பக்கம் போகுது பாரு. நாலு கோடு போட்டேன்னு சொன்னே, இன்னும் எதை மறந்துட்டு வந்தே?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. எதுவோ ஒன்று இன்னும் மூடப்படாமல் இருந்தது. அன்று மாலை டைரியை முதலிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். ஐந்து மணிக்கு எழுந்த நாளிலும் கவனம் சிதறியிருந்தது, ஆறரைக்கு எழுந்த நாளிலும் சிதறியிருந்தது. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமைகூடச் சிதறவில்லை. செவ்வாயன்று அப்படி என்ன? அன்று தலைக்குக் குளிப்பாள். அதனாலா என்று பார்க்க வெள்ளிக்கிழமையும் தலைக்குக் குளித்தாள். தும்மல்தான் வந்தது. அப்புறம்தான் பொறி தட்டியது. திங்கள் ராத்திரி அவள் வீட்டுக்காரருக்கு வார லீவு; செவ்வாய் காலை வீட்டில் இருப்பார்.

அவருக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. காலை எட்டரைக்கு முடித்து, பைக்கில் ஐம்பது நிமிடம் ஓட்டி வீடு வந்து சேருவார். அதற்குள் அவள் கிளம்பியிருப்பாள். போன வருடம் ஒருநாள் ஓட்டிக்கொண்டே கண்ணயர்ந்து விழுந்து, புருவத்தில் எட்டுத் தையல். "நீ போட்டிருந்தா இன்னும் நேரா வந்திருக்கும்" என்று ஆஸ்பத்திரியிலேயே கிண்டல் செய்தவர் அவர். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்ததோடு அது முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். தையல் கூடத்தில் நுழைந்ததுமே போனைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அவர் வீடு சேர்ந்தாரா என்பது மத்தியானம் வரை தெரியாது. பயம் ஒரு வருடமாகத் தினமும் ஒன்பது மணிக்கு அவளோடு மேஜைக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

அடுத்த செவ்வாய் காலை அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏங்க, நீங்க எந்த வழியா வீட்டுக்கு வர்றீங்க?"

"உங்க கூடத்துக்குக் கீழ இருக்கற தெருதான். எப்பவும் அந்த வழிதானே."

"தினமும் என் ஜன்னலுக்குக் கீழயே போறீங்களா? ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையே" என்றார். பிறகு புருவத் தழும்பைத் தடவிக்கொண்டு, "என்ன பண்ணணும், சொல்லு" என்றார்.

மறுநாள் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜன்னலுக்குக் கீழே ஜலதோஷம் பிடித்தது போன்ற ஒரு ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. அக்கா மேஜை விளிம்பில் ஒரு கோடு இழுத்தாள். வீட்டில் நான்கு, இங்கே ஒன்று. அன்று வெட்டியதை முதலாளியம்மா புரட்டிப் புரட்டிப் பார்த்தும் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. மூன்று வாரம் இப்படியே ஓடியது.

அப்புறம் பெரிய ஆர்டர் வந்தது. நூறு அடுக்குத் துணி. இதில் பிசகினால் பட்டன் பக்கத்தோடு போகாது என்று எல்லோருக்கும் தெரியும். முதலாளியம்மாவே மேஜையருகில் வந்து நின்றார். அக்கா முன்பாகம் வரைந்தாள், பின்பாகம் வரைந்தாள், கைகளை வரைந்தாள். ஒன்பது ஆனது. ஒன்பதே கால் ஆனது. ஹாரன் வரவில்லை.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கற? வெட்டு."

அவள் வெட்டு மெஷினில் கை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"அவர் இன்னும் வரலம்மா."

"யாரு வரல?"

"எங்க வீட்டுக்காரர். தினமும் கீழ ஹாரன் அடிச்சிட்டுப் போவார். அது கேட்டாத்தான் எனக்குக் கை ஓடும். இப்ப வெட்ட மாட்டேன். என்னைப் பட்டன் பக்கம் அனுப்பினாலும் பரவாயில்ல."

பக்கத்தில் 'ரேடியோ' தன் மெஷினை நிறுத்தினாள். அதைப் பார்த்து அடுத்தவள் நிறுத்தினாள். முதலாளியம்மா ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

ஒன்பதரைக்குத் தெருக் கோடியில் ஹாரன் கேட்டது. இரண்டு முறை. மறுபடி இரண்டு முறை.

"பைக்கைத் தள்ளிக்கிட்டு ஒருத்தர் வர்றாரு" என்றார் முதலாளியம்மா. "பஞ்சர் போல. புருவத்துல தழும்பு இருக்குமா?"

"இருக்கும்மா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேஜை விளிம்பில் ஐந்தாவது கோட்டை இழுத்தாள். துணியைப் பார்த்தாள். இப்போதுதான் கண் முழுசாகத் துணிமேல் விழுந்தது. இரண்டு கையின் வளைவும் ஒரே பக்கம் போயிருந்தன. அட்டையை அவள் திருப்பவே இல்லை.

பக்கத்தில் வந்து நின்ற முதலாளியம்மாவும் அதைப் பார்த்தார். வெட்டச் சொன்னது தான்தான் என்பதும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆணியில் தொங்கிய பிரஷ்ஷை எடுத்து வந்து, தப்பான கையைத் தானே தேய்த்து அழித்தார். அக்கா அட்டையைத் திருப்பி வைத்தாள்.