சௌந்தரத்துக்கு அரை மணி நேரம்

திண்டிவனம் செஞ்சி ரோட்டில் இருக்கும் அந்த முதியோர் ஹோமில் ஜெசிந்தா ஆயா வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதை நடத்திய டாக்டர் கோதண்டபாணி மாடியிலேயே குடியிருந்தார். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார். ஆயாக்கள் அவர் தலையைக் கண்டாலே பதுங்குவார்கள். ஆனால் படுக்கையில் இருப்பவர்களுக்கு வைத்த சாப்பாட்டைத்தான் அவரும் சாப்பிடுவார். சாம்பாரில் உப்பு குறைந்தால் சமையல்கட்டுக்கு உடனே தெரிந்துவிடும்.

வயதாகிவிட்டதென்று போன வருஷம் ஹோமைச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சுவருக்குப் புதுப் பெயின்ட், வாசலில் கேமரா, ஆயாக்களுக்கு நீல யூனிஃபார்ம். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆறு ஆயாக்கள் இருந்த இடத்தில் மூன்று பேர் ஆனதைத்தான் வருகிறவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

இதில் மாட்டிக்கொண்டது சௌந்தரம். மரக்காணம் பக்கத்துக் குப்பத்துக்காரி, பக்கவாதத்தில் விழுந்தவள். கஞ்சியில் துளி கருவாட்டுக் குழம்பைச் சேர்த்து, நாக்கின் நடுவில் வைத்து, தொண்டையை மேலிருந்து கீழே தடவிவிட்டுக் காத்திருந்தால் விழுங்குவாள். ஒரு கிண்ணத்துக்கு அரை மணி நேரம்.

மேனேஜர் பிரவீன்குமார் கெட்டவன் இல்லை; மேலிருந்து வருவதைக் கீழே சொல்கிறவன். மூக்கில் குழாய் போட்டுவிட்டால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும் என்றான். சம்மதக் கையெழுத்துப் போட மகன் வெற்றிவேல் வரும்போது, அம்மாவால் விழுங்க முடியவில்லை என்று மட்டும் சொல்லிவிடும்படி ஜெசிந்தாவைக் கேட்டுக்கொண்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வேலையை விட்டால் வேறு கதி இல்லை என்பதும் தெரியும்.

ஆனாலும் வெற்றிவேல் வந்து கேட்டபோது வாய் சும்மா இருக்கவில்லை.

“இப்பவும் முழுங்கறாங்க தம்பி. ஊட்டத்தான் எங்களுக்கு நேரம் இல்ல.”

பிரவீன்குமாரின் முகம் சுருங்கியது. வெற்றிவேல் கிண்ணத்தை வாங்கித் தானே ஊட்டினான். பாதி சேலையில் வழிந்தது. முக்கால் மணி நேரத்தில் கிண்ணம் காலியானது. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“நீங்க எத்தினி பேருக்குக்கா ஊட்டறீங்க?”

“பதினாலு பேருக்கு.”

படகில் போனால் திரும்ப மூன்று நாள் ஆகும், மனைவி விடிந்ததும் மீன் விற்கப் போய்விடுவாள் என்று யாரும் கேட்காமலே சொன்னான். பிறகு கையெழுத்துப் போட்டான். ஜெசிந்தாவுக்கு அவனைத் திட்டத்தான் தோன்றியது. அந்தப் பதினாலு பேரை நினைத்து அடக்கிக்கொண்டாள். அவளை யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லை, வேறு ஆள் கிடைப்பதில்லை.

குழாய் போட்டு ஒரு மாதம் ஆகிறது. கம்பெனியிலிருந்து வந்தவர்கள் சார்ட்டைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். ஜெசிந்தா குழாயில் கஞ்சித் தண்ணீரை ஊற்றும்போதெல்லாம் சௌந்தரம் அவள் முகத்தைப் பார்த்தபடி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.