இரண்டு நொடி தெரிந்த பெயர்

அலுவலகத்தில் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளை பெற்று எட்டு வருஷம் வீட்டிலிருந்துவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் மறுபடி வேலைக்கு வந்தவள். வந்த மூன்றாம் மாதமே, நொண்டிக்கொண்டிருந்த ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தின் இணையதளத்தைக் கண் சிமிட்டும் நேரத்தில் திறக்க வைத்தாள். ரத்தமோ திசுவோ கொடுத்துவிட்டு வந்தவர்கள் தங்கள் பெயரில் உள்ளே நுழைந்து அறிக்கையைப் பார்த்துக்கொள்ளும் தளம் அது. முன்பு, பக்கம் திறப்பதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம் என்று புகார் எழுதுவார்கள்.

அவள் செய்த வித்தை சின்னதுதான். சர்வரிடம் கேட்டு வாங்கிய பதிலை பிரவுசரிலேயே எடுத்து வைத்துக்கொள்வது. மறுமுறை அதே பக்கத்தைக் கேட்டால், வைத்திருந்ததை உடனே காட்டிவிட்டு, பின்னாலேயே புதியதை வாங்கி வந்து மாற்றிவிடுவது. இதற்குக் கேஷ் என்று பெயர். வீட்டில் இதைச் சொன்னபோது, "கேஷா? நம்ம வீட்லயும் கொஞ்சம் எடுத்து வையேன்" என்றார் அவள் கணவர்.

ஒரு சனிக்கிழமை காலை, தன்னுடைய சர்க்கரை அளவைப் பார்க்க வீட்டு லேப்டாப்பில் அந்தத் தளத்தைத் திறந்தாள். தன் பெயரில்தான் உள்ளே போனாள். பக்கம் பளிச்சென்று வந்தது. மேலே இருந்தது அவள் பெயர் இல்லை. அவளுடைய அக்காவின் பெயர். அதற்குக் கீழே, மார்பகத் திசுப் பரிசோதனை என்ற தலைப்பு. அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி: புற்றுநோய் உறுதி.

இரண்டு நொடி இருக்கும். பக்கம் தானாக மாறி, அவளுடைய சர்க்கரை அறிக்கை வந்து நின்றது.

கண்தான் ஏமாற்றிவிட்டது என்று மறுபடி திறந்தாள். சர்க்கரைதான் வந்தது. மறுபடி, மறுபடி. எத்தனை முறை திறந்தாலும் சர்க்கரை. அக்காவின் அறிக்கை இருந்த இடத்தில் இப்போது அவளுடையது உட்கார்ந்துவிட்டது. இனி அதைப் பார்க்க வழியில்லை என்று அவளுக்குத் தெரியும். எழுதியவள் அவள்தானே.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா வியாழக்கிழமை வந்திருந்தாள். தன் லேப்டாப் படுத்துவிட்டது, ஒரு மெயில் அனுப்ப வேண்டும் என்று இதை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெயிலுக்கு எதற்குக் கதவைச் சாத்துகிறாள் என்று மின்னல் நினைத்ததோடு சரி.

ஐந்து நிமிஷத்தில் தவறு எங்கே என்று பிடிபட்டது. வாங்கிய பதிலைப் பக்கத்தின் இணைய முகவரியை வைத்து அவள் அடுக்கியிருந்தாள். 'என் அறிக்கை' என்ற பக்கத்துக்கு எல்லாருக்கும் ஒரே முகவரி. கேட்பவர் யார் என்பது கோரிக்கையோடு தனியாகப் போகும் அடையாளச் சீட்டில் இருக்கும். அதை அவள் கணக்கில் எடுக்கவே இல்லை. வெளியேறும்போது சீட்டு அழியும், எடுத்து வைத்த பதில் அப்படியே கிடக்கும். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறது, எல்லாம் பத்திரம் என்று நம்பியிருந்தாள். அந்தப் பூட்டு வழியில் வருகிறவரைதான். வந்து சேர்ந்ததை நடுக்கூடத்தில் விரித்துப் போட்டிருந்தது அவளுடைய நிரல்.

மேலாளரைக் கூப்பிட்டாள்.

"சின்ன பக் தானே, திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றார் அவர்.

"சின்னது இல்ல சார். ஒருத்தரோட அறிக்கை இன்னொருத்தருக்குத் தெரியுது. இப்பவே தளத்தை நிறுத்தணும்."

"யாராவது புகார் சொன்னாங்களா?"

"நான் சொல்றேன்ல சார்."

"சரி, யாரோட அறிக்கை?"

"அதச் சொல்ல மாட்டேன்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. "நிறுத்திடும்மா" என்றார்.

மத்தியானம் இரண்டு மணிவரை அவள் தலை நிமிரவில்லை. அறிக்கைகளைப் பிரவுசர் எந்தக் காரணம் கொண்டும் எடுத்து வைக்கக் கூடாது என்று சர்வர் பதிலிலேயே எழுதினாள். ஊர்ப் பட்டியல், பரிசோதனை நேரம் போன்ற பொதுவானவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெளியேறினால் பாக்கி எல்லாம் துடைத்துவிட வேண்டும். ஏற்கெனவே ஆங்காங்கே கணினிகளில் கிடப்பதையும் புதிய நிரல் முதல் காரியமாக அழிக்க வேண்டும். இரண்டு பொய்ப் பெயர்களில் மாறி மாறி நுழைந்து இருபது தடவை சோதித்தாள். தளம் பழையபடி மெதுவாகத் திறந்தது. அந்த நாலைந்து மணி நேரமும் அக்காவை நினைக்காமலிருக்க வேலை ஒரு சாக்கு. வேலை முடிந்தது, சாக்கும் போயிற்று.

அக்கா பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வாசலில் பயிற்சிக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா."

அவள் முகத்தைப் பார்த்ததும் அக்கா துணியைக் கீழே போட்டாள். "கார்ல ஏறு. உள்ள பொண்ணு பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கா."

மின்னல் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அக்கா வழக்கம்போல் பக்கத்தில், சொல்லிக்கொடுப்பவருக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை என் லேப்டாப்ல உன் அறிக்கையைப் பாத்தியா?"

"வெளிய வந்துட்டுதானே மூடினேன். ரெண்டு தடவ சரிபாத்தேன்."

"நீ சரியாதான் செஞ்சே. நான் எழுதினதுதான் தப்பு." நடந்ததைச் சொன்னாள். "உன் பேரையும் அந்த ஒரு வரியையும் பாத்துட்டேன். பாக்கணும்னு பாக்கல."

எஞ்சின் ஓடாத காரில் அக்காவின் கால் பிரேக்கை அடிவரை அமுக்கியது. அழுவாள் என்று மின்னல் எதிர்பார்த்தாள்.

"வேற யாரெல்லாம் பாத்தாங்க?" என்றாள் அக்கா.

மின்னல் அவள் பக்கம் திரும்பினாள். "அதுக்கு முன்னாடி வேற எங்கயாவது பாத்தியா?"

"மூணு வாரம் முன்னாடி, அந்தப் பரிசோதனைக் கூடத்துலயே. ஹால்ல கம்ப்யூட்டர் வெச்சிருக்காங்களே, அதுல."

"உனக்கு அடுத்து யாராவது அதுல உக்காந்தாங்களா?"

அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு அம்மா. என்னைவிட பத்து வயசு கூட இருக்கும். நான் பாத்துட்டு எழுந்தேன், நடக்க முடியல, சுவரப் பிடிச்சிட்டு நின்னேன். அந்தம்மா உக்காந்த வேகத்துல எழுந்து வந்துட்டாங்க. தண்ணி வாங்கிக் கொடுத்தாங்க. கூட யாரும் வரலியாம்மான்னு கேட்டாங்க, அவ்வளவுதான். அரை மணி நேரம் கையப் பிடிச்சிட்டே உக்காந்திருந்தாங்க. எல்லாம் என் மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்கு போலன்னு நெனச்சேன். அந்தம்மா கண்டுபிடிச்ச மாதிரி உங்க மாமாவும் கண்டுபிடிச்சிடுவாருன்னு, மூணு வாரமா அவரு மூஞ்சிய நேரா பாக்கல நான். அவரு என்ன கோவம் என்ன கோவம்னு கேட்டுட்டே இருக்காரு."

மன்னித்துவிடு என்ற வார்த்தை மின்னலின் வாய்வரை வந்தது; அது போதாது என்று விழுங்கிவிட்டாள்.

"உன்னத் திட்டணும்னு தோணுது. எதுக்குன்னுதான் தெரியல. பாத்ததுக்கா, பாத்துட்டேன்னு சொன்னதுக்கா." அக்கா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். "வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன் தேதி சொல்றாங்க. நீ வா. இன்னிக்கு உங்க மாமாகிட்ட சொல்லும்போதும் பக்கத்துல இரு. உன் கேஷ் கதையையும் சேத்துச் சொல்லு, நான் சொன்னா அவருக்குப் புரியாது."

மாமாவுக்கு மின்னல் சொல்லியும் அது புரியவில்லை. மற்றது புரிந்தது. சட்டையை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

ஹால் கணினிகளில் அறிக்கை பார்த்த முந்நூற்றுச் சொச்சம் பேருக்கும் கடிதம் எழுத வேண்டும் என்று திங்கட்கிழமை மின்னல் பிடிவாதம் பிடித்தாள். மேலாளர் ஒரு வரைவு கொடுத்தார். அதை அக்காவிடம் காட்டினாள்.

"'ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.' சிரமமா இது? பஸ் லேட்டா வந்தா சிரமம்." அக்கா பேனாவால் அந்த வரியை அடித்தாள். "உங்களுக்கு அடுத்து உக்காந்தவங்க பாத்திருக்கலாம்னு எழுது. பாத்தவங்க என்ன பண்ணுவாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுன்னும் எழுது."

முதல் வரியை ஒப்புக்கொள்ள மேலாளருக்கு இரண்டு நாள் பிடித்தது. இரண்டாவதை எடுத்துவிட்டார். புதன்கிழமை மின்னஞ்சலில் கடிதம் போயிற்று. அக்காவுக்கும் ஒன்று வந்தது, பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு. மறுநாள் மின்னல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பயிற்சிக் காரை மாமா ஓட்டினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கியர் மாற்றுவதில் வழி முழுக்கக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே வந்தாள்.