‘ஓ’ தீர்ந்துபோன நாவல்

எழுபதுகளின் பிற்பாதியில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட இருந்த ஒரு அச்சகத்தின் பின்னறையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினோம். நான் சண்டிலிப்பாயில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறுகதைத் தொகுதி வெளியிட்டிருந்தேன். இரண்டாமவர் தொண்டைமானாற்று நாவலாசிரியர். தகப்பன், மாமன், தமையன் எல்லாரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் கந்தோர் உத்தியோகத்துக்குப் போனவர். மூன்றாமவர் அந்த அச்சகத்தின் முதலாளி. நாலாமவர் சந்தியில் புத்தகக்கடை வைத்திருந்தவர்.

அதுவரை எங்களுக்குள் இருந்த ஒரே தொடர்பு குறை சொல்லுவதுதான். அச்சகக்காரர் ஆறப்போடுகிறார் என்று எழுதுகிறவர்கள் சொல்லுவோம். பிழை திருத்தக் கொடுக்கும் புரூப்பிலேதான் இவர்கள் கதையையே எழுதத் தொடங்குகிறார்கள் என்று அச்சகக்காரர் சொல்லுவார். கடைக்காரர் இரண்டு பகுதியையும் பொதுவாகத் திட்டிவிட்டு, எங்கள் புத்தகங்களை அப்பியாசக் கொப்பிகளுக்குப் பின்னால் அடுக்கி வைப்பார். எல்லாரும் ஒருவருக்கொருவர் உதவினால் என்ன என்று நான்தான் கேட்டேன். ஆசிரியை சொன்னால் மறுக்கக் கூச்சப்பட்டோ என்னவோ, வந்துவிட்டார்கள்.

முதற் கூட்டம் பெயர் வைப்பதிலேயே போய்விட்டது. எழுத்தாளர் சங்கம் என்றார் நாவலாசிரியர்.

“அப்ப நாங்கள் ஆர்? தேத்தண்ணி கொண்டுவாறவையோ?” என்றார் கடைக்காரர்.

பிறகு தலைவர் யார் என்ற கதை வந்தது. நாலு பேரும் அடக்கமாக மறுத்துக்கொண்டே ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் பெயரும் வேண்டாம், தலைவரும் வேண்டாம், யாருடைய புத்தகம் அச்சில் இருக்கிறதோ அவருக்கு மற்ற மூன்று பேரும் உதவுவது என்று முடிவெடுத்தோம். சண்டை பிடிக்க வேறு ஒன்றும் மிஞ்சவில்லை. வேலை தொடங்கியது.

முதலில் வந்தது தொண்டைமானாற்றுக்காரரின் நாவல். புரூப் பார்க்கும் பொறுப்பு எனக்கு. நாலைந்து பக்கம் வந்ததும் வேலை நின்றுவிட்டது. போய்க் கேட்டால், அச்சகக்காரர் எழுத்துப் பெட்டியைக் காட்டினார். அப்போது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துத்தான் பக்கம் அமைப்பார்கள். எட்டுப் பக்கம் சேர்ந்து அச்சேறின பிறகுதான் எழுத்தைக் கழற்றலாம்; அதுவரை பெட்டியில் எந்த எழுத்து எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான். ‘ஓ’ இருக்க வேண்டிய குழி வெறுமையாகக் கிடந்தது.

“ரீச்சர், இந்த நாவலிலை ஆர் என்ன கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லினம். கலியாணப் பத்திரிகை அடிக்கிற எனக்கு இவ்வளவு ஓவன்னாவுக்கு எங்கை போறது?”

நாவலாசிரியர் வந்தபோது அவரிடமும் நேரே கேட்டார்.

“உங்கடை ஆக்கள் எல்லாத்துக்கும் ஒத்துக்கொண்டே இருக்கினம். ஒருத்தராவது மாட்டன் எண்டு சொல்லக்கூடாதோ?”

“கதையிலை தகப்பன் சம்மாட்டி, வள்ளம் வலை எல்லாம் அவற்றை. அவருக்கு எங்கடை ஊரிலை ஆர் மாட்டன் எண்டு சொல்லுறது?”

“அப்ப சரி எண்டு போடுவம். சானாவும் ரீனாவும் எவ்வளவும் கிடக்கு.”

“எங்கடை சனம் சரி எண்டு சொல்லாது. ஓம் எண்டுதான் சொல்லும்.”

குறில் ‘ஒ’வைப் போட்டு அச்சடித்துவிட்டு, கீழே சுழியைப் பேனையால் போட்டுவிடலாம் என்றார் கடைக்காரர். எல்லாப் பிரதிகளிலும் யார் சுழிப்பது என்று கேட்டதும் அவருக்குக் கடையில் அவசர வேலை வந்துவிட்டது.

பலாலி வீதியில் இன்னும் கொஞ்சத் தூரம் போனால் வேறொரு அச்சகம் இருந்தது. அங்கே கேட்டால் தருவார்கள் என்று சொன்னேன். எங்கள் அச்சகக்காரரின் முகம் இறுகிவிட்டது. இரண்டு முதலாளிகளும் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். ஒரு வருடம் அறுவடை விழா அறிவித்தலை எங்களவர் அடித்துக் கொடுத்தபோது எழுத்துக் கோத்தவன் ‘வடை’யை ‘வை’ ஆக்கிவிட்டதில், ‘அறுவை விழா’ என்று வந்துவிட்டது. ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது மற்றவர் போதகரிடம், “டொக்டர் எத்தினை மணிக்கு வாறார்?” என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து இருவரும் வேறு வேறு வாசலால் போய் வந்தார்கள்.

“உவனிட்டைப் போறதெண்டால் நீங்களே போங்கோ” என்றார்.

நானும் நாவலாசிரியரும் போனோம். வெறுங்கையோடு போகக்கூடாதென்று நாவலாசிரியர் ஊரிலிருந்து கருவாட்டுப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்திருந்தார். பஸ்ஸில் எங்களைச் சுற்றி நல்ல இடவசதி கிடைத்தது.

மற்ற அச்சகக்காரர் மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர். விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை, யோசித்தார்.

“தரலாம். ஆனால் முழுக்கத் தர ஏலாது. மரண அறிவித்தல்தான் என்ரை தொழில். யாழ்ப்பாணத்திலை ஓய்வுபெறாமல் ஆர் சாகினம்? ஓய்வுபெற்ற அதிபர், ஓய்வுபெற்ற தபாலதிபர், ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். ஓவன்னா இல்லாமல் நான் ஒருத்தரையும் அடக்கம் செய்ய ஏலாது.”

அதற்குக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: எங்களவர் நேரில் வந்து கேட்க வேண்டும்.

அந்த நிபந்தனையைக் கேட்டுவிட்டு எங்களவர் ஒரு கிழமை முழுக்கக் கலியாணப் பத்திரிகையே அடித்துக்கொண்டிருந்தார். நாவல் அப்படியே கிடந்தது. நாவலாசிரியர் தினமும் கந்தோர் விட்டதும் வந்து, ஒன்றும் கேட்காமல், எழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த மர வாங்கில் குந்தியிருந்துவிட்டுப் போவார். அந்த மௌனம்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நான் போனபோது எங்களவர் சேர்ட்டை மாற்றிக்கொண்டு நின்றார்.

“வாங்கோ ரீச்சர், போவம். நீங்கள் கதையுங்கோ. நான் பக்கத்திலை நிக்கிறன்.”

அப்படித்தான் நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னைப் பார்த்தே கதைத்தார்கள். “அவருக்கு எவ்வளவு வேணுமாம்?” “உள்ளதைத் தரட்டாம்.” மற்றவர் எழுத்துகள் போட்டிருந்த ஒரு பிஸ்கட் ரின்னை எடுத்து மேசையில் வைத்தார். எங்களவர் ஒரு ‘ஓ’வை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னை மறந்துவிட்டார்.

“உன்ரை எழுத்து என்ரையிலும் பார்க்கத் தடிப்பு.”

“உன்ரை தேய்ஞ்சுபோச்சு. புதுசு எடுத்து எத்தினை வருசம்?”

அதற்குப் பிறகு இருவரும் ஈயத்தின் தரத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். நானே எழுந்து போய்த் தேத்தண்ணி வாங்கிவந்தேன். விழா, டொக்டர் எதுவும் பேச்சில் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஐந்து பேராக இருந்தோம்.

நாவல் வெளிவந்தது. முதல் நாலைந்து பக்கத்துக்குப் பிறகு வந்த ஒவ்வொரு ‘ஓம்’இலும் அந்த ‘ஓ’ மற்ற எழுத்துகளை விடக் கொஞ்சம் கறுப்பாக, ஒரு நூல் உயரமாக நின்றது. வெளியீட்டு விழாவில் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து வந்த விரிவுரையாளர் ஒருவர் அதைப் பற்றி மட்டுமே அரைமணி நேரம் பேசினார். பணிந்துபோகும் மக்களின் ஒப்புதலுக்குள்ளே திரண்டுவரும் எதிர்ப்பை ஆசிரியர் எழுத்தின் தடிப்பாலேயே உணர்த்துகிறார், இது தமிழுக்குப் புதிய உத்தி என்றார். முன்வரிசையில் இரண்டு அச்சகக்காரர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் குலுங்கின. பேச்சு முடிந்ததும் விரிவுரையாளர் நாவலாசிரியரின் பக்கம் திரும்பி, “அப்படித்தானே?” என்று கேட்டார்.

நாவலாசிரியர் எங்களைப் பார்த்தார். பிறகு, “ஓம்” என்றார்.

கடைக்காரர் அந்த நாவலைக் கொப்பிகளுக்கு முன்னால் வைத்தார்.

அடுத்த வருடம் என் இரண்டாவது தொகுதி வந்தது. முதற்பாதி ஒரு அச்சகத்திலும் பிற்பாதி மற்றதிலும் அடித்தார்கள். யார் பகுதியில் பிழை குறைவு என்று இருவரும் போட்டி போட்டதில் எனக்குப் புரூப் பார்க்கும் வேலையே இருக்கவில்லை. ஆனால் ஒரு சஞ்சிகையில் அதற்கு மிகக் கடுமையான விமர்சனம் வந்தது. ஆசிரியை வகுப்பறையை விட்டு வெளியே வந்து உலகத்தைப் பார்க்க வேண்டுமாம். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இனி எழுதுவதில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவ அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேரும் ஒரே பஸ்ஸில் சண்டிலிப்பாய்க்கு வந்து இறங்கினார்கள். வந்த காரணத்தை ஒருவரும் சொல்லவில்லை. அம்மா அவசர அவசரமாகக் கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கைக்காய்ப் பால்கறியும் வைத்தா. கடைக்காரர் அந்தச் சஞ்சிகைக் கட்டைத் தான் பிரிக்கவே இல்லை என்றார். யாரும் கேட்டால் தபாலில் பிந்திவிட்டது என்று சொல்லுகிறாராம். அச்சகக்காரர்கள் இருவரும் விமர்சனம் வந்த பக்கத்தை மட்டும் வெட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அதிலிருந்த அச்சுப்பிழைகளையெல்லாம் சிவப்பு மையால் திருத்தியிருந்தார்கள்.

“ரீச்சர், ‘ஒற்றுமை’க்கு இடையின ‘ர’ போட்டவன் உங்களுக்கு உலகத்தைக் காட்டப்போறானாம்” என்றார் மெலிந்தவர்.

எங்களவர் அவரைத் திருத்தினார். “அது கோத்தவன் விட்ட பிழை. எழுதினவன் விட்ட பிழை ரெண்டாம் பந்தியிலை கிடக்கு, அதைக் காட்டு.”

நாவலாசிரியர் குழம்பை இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, அடுத்த கதை எப்போது தருவீர்கள் என்று மட்டும் கேட்டார். நாலு மணிப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பக்கத்தைச் சோற்று மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டாம் பந்தியைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். எங்களவர் சொன்ன பிழை உண்மையிலேயே அங்கே இருந்தது: என்னை உலகத்தைப் பார்க்கச் சொன்ன விமர்சகர் சண்டிலிப்பாயைக் கடற்கரையில் கொண்டுபோய் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, சோறு மிச்சம் கிடக்குது, போடட்டோ என்று கேட்டா.