காய்ச்சல் விட்ட பிறகு போன சாந்தி டீச்சர்

"டீச்சர் போயிட்டாங்க சேர்" என்று சாந்தி டீச்சரின் கொழுந்தன் போனில் சொன்னபோது, எனக்கு அழுகைக்கு முன் கேள்விதான் வந்தது. காய்ச்சல் எப்போது விட்டது என்று கேட்டேன். "நேத்துக் காலையிலயே விட்டுருச்சுங்க. தலைக்கு ஊத்தி, மாரியம்மனுக்கு வெளக்குக்கூட வச்சோமே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இலங்கையில் கலவானப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவர் விஞ்ஞானம் படிப்பித்தார், நான் கணக்கு. எதையும் லேசில் நம்பாத மனுசி. மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரை நம்ப மாட்டார், கொசுவுக்குப் புகை அடித்தாயிற்று என்று தோட்டத்துத் துரை சொன்னால் அதையும் நம்ப மாட்டார். ரப்பர் மலைக்குப் போய்ப் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடுகிறதா என்று பால் சிரட்டைகளைத் தானே கவிழ்த்துப் பார்த்துவிட்டு வருவார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அவருக்கும் அது தெரியும்.

எனக்கு டெங்கு வந்து தேறியபோது, இனி இந்தப் பக்கமே வராது என்று ஓய்வறையில் பெருமையடித்தேன். டீச்சர் விடவில்லை. "டெங்குல நாலு வகை இருக்குங்க சேர். ஒண்ணை எதிர்க்க உடம்பு உண்டாக்குன பிறபொருளெதிரி இன்னொண்ணைப் பிடிக்கும், ஆனா கொல்லாது. தெரிஞ்ச மொகம்னு வாச்சரே கேட்டைத் தொறந்து விடுற மாதிரி, கலத்துக்குள்ள கூட்டிட்டுப் போயிரும். ரெண்டாவது தடவைதான் பயம்" என்றார். காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் என்றும் சொன்னார்.

டீச்சருக்கு இப்போது வந்தது இரண்டாவது தடவை.

சாவு வீட்டில் அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வயிறு வலிக்குது, கைகாலெல்லாம் சில்லுன்னு இருக்கு, காய்ச்சல் விட்டதுல எனக்கு நம்பிக்கை இல்ல, ரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னுச்சு. ஒனக்கு எதுலதான் நம்பிக்கை இருந்திச்சுன்னு நான் கேட்டேன் சேர். எல்லாரும் சிரிச்சோம்." அந்தி சாய்ந்து த்ரீவீல் பிடித்தபோது டீச்சருக்குப் பேச்சில்லை.

அந்தக் கணவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று நான் அங்கே இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேனா? என்னை நான் நம்பவில்லை.

என் மகளுக்கும் ஒருமுறை டெங்கு வந்து போயிருக்கிறது. டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: காய்ச்சல் விட்ட பிறகும் ஒரு பிள்ளை சுகமில்லை என்று சொன்னால், அந்தப் பிள்ளையை நம்புவேன்.