பொடி விழுந்த தபாலும் பசித்த பிள்ளையும்

2001 மழைக்காலம். புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்த ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிக்கும் வேலை எனக்கு. பிரசவ விடுப்பு முடிந்து சேர்ந்த புதிது. ராத்திரி தூக்கம் கிடையாது, பகலில் மூட்டை மூட்டையாகத் தபால். தினமும் மதியம் முத்தியால்பேட்டையிலிருந்து என் நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள். பால் கொடுத்து அனுப்புவேன். புட்டிப்பாலை வாயில் வைத்தாலே துப்பிவிடுவான்.

அமெரிக்காவில் தபாலில் விஷப்பொடி வந்த செய்தி பேப்பரில் அடிபட்ட நேரம் அது. எங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. சந்தேகமான உறையை உலுக்காதே, முகராதே, ஃபேனை நிறுத்து, கதவைச் சாத்து, சோப்புப் போட்டுக் கை கழுவு, யார் பக்கத்திலும் போகாதே. கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துபோனோம். நம் ஊருக்கு எவன் அனுப்பப் போகிறான் என்ற இளக்காரம்தான்.

ஒருநாள் காலை ஓர் உறையைக் கிழித்தேன். கை, மடி எல்லாம் சாம்பல் நிறப் பொடி கொட்டியது. சொன்னபடியே எல்லாம் செய்தேன். அதற்குள் ஆபீஸே காலியாகி வாசலில் நின்றது. சுகாதாரத் துறையிலிருந்து முகமூடியோடு வந்தவர்கள் உறையைப் பையில் கட்டி எடுத்துப்போனார்கள். என்னைத் தனி அறையில் உட்காரவைத்து, சோதனை முடிவு வரும்வரை குழந்தையைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மதியம் நாத்தனார் வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கேட்டுக்குப் பக்கத்தில் பிள்ளை வீறிடுகிறான். எனக்குப் பால் கட்டி உயிர் போகிற வலி. "பொடி பட்ட அம்மாவோட புள்ள" என்று யாரோ சொல்ல, நின்றவர்கள் எல்லாரும் ஒதுங்கினார்கள். தினம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களும்தான். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

மனு கொடுக்க வந்து காலையிலிருந்து காத்துக்கிடந்த ஒரு பெண் கைக்குழந்தையோடு எழுந்து வந்தாள். குருசுக்குப்பத்துக்காரி என்று பிறகு சொன்னார்கள்.

"புள்ள இன்னா பண்ணுச்சு? இப்படி குடு."

"வேணாங்க்கா, எதுனா ஆயிடப்போவுது," என்று நாத்தனார் பின்வாங்கினாள்.

"ஆவுறது ஆவட்டும். பசியில கத்துதே!"

தன் குழந்தையை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, என் மகனை வாங்கி மரத்தடியில் திரும்பி உட்கார்ந்து முந்தானையால் மூடிக்கொண்டாள். அழுகை நின்றது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

மறுநாள் முடிவு வந்தது. எறும்புப் பொடியாம். முகர்ந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், விதிப்படி முகரக் கூடாதே. ரெட்டியார்பாளையத்து மனுதாரர் ஒருவர் போட்டு அனுப்பியது. ஏன் போட்டாய் என்று விசாரித்ததற்கு, "போன தடவை குடுத்த மனுவைக் கரையான் தின்னுடுச்சின்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்று கேட்டாராம்.

பொடி கொட்டிய அன்று மதியமே ஆபீஸைப் பூட்டி, வெளியே காத்திருந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்ணையும்தான். அவள் திரும்ப வரவில்லை. பெயர்கூட யாரும் கேட்டுவைக்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ சுற்றறிக்கைகளில் கையெழுத்துப் போட்டு அலுத்துவிட்டேன். எப்படி ஒதுங்குவது என்றுதான் அவையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தன, கிட்டே வந்த ஒருத்தியை நாங்கள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டோம்.