தெபானோ திருப்பிக் கேட்ட நாள்

தெபானோ கப்பல் வேலையை விட்டுவிட்டு பசிபிக் கடலிலுள்ள எங்கள் அபையாங் தீவுக்கு ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, ஊர் முதலில் கவனித்தது அவன் நடையைத்தான். சுவரும் கதவும் இல்லாத வீடுகள் எங்களுடையவை. கால்கள் ஊன்றிய ஒரு மரத் தளம், அதன் மேல் பாய், தலைக்கு மேல் ஓலைக்கூரை. அந்தத் தளத்தில் கால் வைக்கும்போது தெபானோ, இல்லாத ஒரு தடுப்பைத் தாண்டுகிறவன் போல முழங்காலை உயரத் தூக்கி வைத்தான். கப்பலில் ஒவ்வொரு கதவுக்குக் கீழும் தண்ணீர் புகாமலிருக்க இரும்புத் தடுப்பு ஒன்று உண்டு. பதினாறு வருடம் அதைத் தாண்டிய கால், வீடு திரும்பியும் தாண்டிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் இரண்டே நாளில் அந்த நடையைப் பழகிக்கொண்டு அவன் பின்னால் வரிசையாக நடந்தார்கள்.

அடுத்தது கயிறு. படுக்கப் போகுமுன் கெட்டிலையும் வெட்டுக்கத்தியையும் விளக்கையும் கூரைக்காலோடு சேர்த்துக் கட்டினான்.

"தீவு கவுந்துடும்னு பயமா?" என்றாள் அவன் மனைவி மரேவா.

"பழக்கம்."

"அப்ப என்னையும் சேத்துக் கட்டு. நானும் உருண்டுடப் போறேன்."

இதெல்லாம் சிரித்துக் கடந்து போகிற விஷயங்கள். சொந்தக்காரர்களுக்கும் அவன் குறை வைக்கவில்லை. எங்களிடையே உறவுக்காரர் ஒருவர் வந்து "புபுசி" என்று சொல்லி ஒரு பொருளைக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நாளைக்கு அவரிடம் நாமும் கேட்கலாம், அவரும் தருவார். தெபானோ ரேடியோவைக் கொடுத்தான். கம்பளிச் சட்டைகளைக் கொடுத்தான். எங்கள் வெயிலில் அவற்றை வாங்கியவர் என்ன செய்தார் என்பது வேறு கதை. கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்தான். பெரிதாக மிஞ்சியது கப்பல் சம்பாத்தியத்தில் வாங்கிய மோட்டார் படகு ஒன்றுதான்.

பிப்ரவரியில் காற்று மேற்குக்குத் திரும்பியது. மற்ற மாதங்களில் கிழக்கிலிருந்து சீராக வீசும் காற்று, அந்தப் பருவத்தில் மட்டும் புத்தி மாறியவன் போல எதிர்த்திசையில் எழும். எப்போது புயலாகும் என்று சொல்ல முடியாது. ஒரு வியாழக்கிழமை காலையில் ஊர்க்கூடமான மனேபாவில் எல்லோரும் அவரவர் குடும்பத்துக்குரிய இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மரேவாவின் அண்ணன் யோதெபா தன் இடத்திலிருந்தபடியே குரல் கொடுத்தான்.

"மச்சான், புபுசி. உன் படகு. நாளைக்கு விடியக்காலம் தராவாவுக்குப் போறோம். பேரனுக்கு மொத பொறந்தநாள் விருந்து."

தராவாவுக்குப் போக, தீவுகளுக்கு நடுவே உள்ள திறந்த கடலைத் தாண்ட வேண்டும். தெபானோ தாழ்ந்த கூரை விளிம்புக்குக் கீழே தெரிந்த வானத்தைப் பார்த்தான்.

"காத்து மேற்கே திரும்பியிருக்கு."

"திரும்பட்டுமே. அதுகிட்டயும் ஒரு புபுசி கேட்டாப் போச்சு." கூடம் சிரித்தது.

"எத்தனை பேர்?"

"பதினோரு பேர். பன்னியோட பன்னெண்டு. பன்னி நல்லா நீந்தும், அதைப் பத்திக் கவலைப்படாதே."

"இல்லை," என்றான் தெபானோ.

அந்தச் சொல் எங்கள் மொழியிலும் இருக்கிறது. மீன் இல்லை, மழை இல்லை என்று தினமும் சொல்கிறோம். புபுசி கேட்டவரிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. அவன் அதைக் கப்பலில் சொல்வது போலச் சொன்னான்: ஒரே தடவை, சுருக்கமாக, காரணம் எதுவும் சேர்க்காமல்.

பெரியவர் தெகாரே கையைக் காதருகே வைத்துக்கொண்டார். "எனக்குக் காது சரியா கேக்கல. என்ன சொன்னே தம்பி?"

அவர் காதில் ஒரு பழுதும் கிடையாது. மாற்றிச் சொல்ல ஒரு வழி விட்டுக் கொடுத்தார்.

"படகு தர மாட்டேன்னு சொன்னேன்."

யோதெபா மெல்ல எழுந்தான். "பரவால்ல. வெள்ளைக்காரன்கிட்டப் போய்க் கேட்டது என் தப்பு."

மறுநாள் கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடந்தது. பக்கத்து ஊர்ப் படகு ஒன்று தராவாவுக்குப் போய்ச் சாயங்காலமே பத்திரமாகத் திரும்பியது. தெபானோ கரையில் நின்று அது வருவதைப் பார்த்தான். தராவாவிலிருந்து தகவல் வந்தது: தாத்தா யோதெபா வராமல் விருந்து இல்லை, தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தெபானோ உடனே புரிந்துகொள்ளவில்லை. அவனிடம் ஒரு நல்ல அரம் இருந்தது. அதுவரை கத்தி தீட்ட ஊரே அந்த அரத்தைத்தான் கேட்டு வாங்கிப் போகும். இப்போது அடுத்த வீட்டுக்காரர் அவன் வீட்டைத் தாண்டி, தேவாலயத்தையும் தாண்டி, ஊர்க்கோடியில் போய்த் துருப்பிடித்த ஓர் அரத்தை வாங்கி வந்தார். வரும்போது தெபானோவைப் பார்த்து நல்லபடியாகப் புன்னகைத்தார். துறைமுகங்களில் கடைக்காரர்கள் அவனைப் பார்த்து அப்படித்தான் புன்னகைப்பார்கள்.

"நாலு நாளாச்சு," என்றாள் மரேவா மீனைக் கழுவிக்கொண்டே. "ஒரு தீக்குச்சி கேட்டுக்கூட யாரும் வரல. திரும்பக் கப்பலுக்கே போயிடு. அங்கயாவது ஏதாவது கேப்பாங்க."

தெபானோ அவள் எதிரில் உட்கார்ந்தான். அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னான்.

ஒரு தடவை நடுக்கடலில் அவர்கள் கப்பல், மோட்டார் நின்று மிதந்துகொண்டிருந்த ஒரு சிறு படகைக் கண்டது. உயிரோடு இருந்தவன் ஒருவன். அவன் முனகியது யாருக்கும் புரியாமல் கேப்டன் ஒவ்வொரு நாட்டு ஆளாகக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். தெபானோ குனிந்து கேட்டான். அது அவனுடைய மொழி.

"கரண்டியில சர்க்கரைத் தண்ணி ஊத்தினேன். ஒவ்வொரு கரண்டிக்கும் நடுவுல பேசினான். ஏழு பேர் ஏறியிருக்காங்க. படகுக்காரனும் கூட. 'அவன் வானத்தைப் பாத்தான். நாங்க புபுசி கேட்டோம். அவன் சரின்னு தலையை ஆட்டினான்'னு சொன்னான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்."

மரேவா கழுவிய மீனை வைத்துவிட்டாள். "இதை மனேபாவுல சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அந்தப் படகுல போனவங்க வீட்டுக்குப் போய்ச் சேரும். உங்க ஆள் கேக்கப் போய்த்தான் எல்லாரும் செத்தாங்கன்னு."

அவள் மீனை மறுபடி கையில் எடுத்தாள்.

"படகு தராதது சரிதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். வந்தே, எல்லாத்தையும் அள்ளி அள்ளிக் குடுத்தே. இத்தனை வருஷத்துல நீ இங்க யார்கிட்டயாவது ஏதாவது கேட்டிருக்கியா? ஒரு தேங்கா? ஒரு முழம் கயிறு?"

தெபானோ யோசித்தான். கயிறுகூட அவன் கப்பலிலிருந்து கொண்டு வந்ததுதான்.

அடுத்த வியாழக்கிழமை காற்று இன்னும் மேற்கில்தான் இருந்தது, போன வாரத்தைவிட வலுத்து. பவளத் திட்டில் அலை மோதும் சத்தம் மனேபாவுக்குள் கேட்டது. யோதெபா அந்தத் தடவை வேடிக்கை எதுவும் பேசவில்லை. மச்சான் என்றும் கூப்பிடவில்லை.

"தெபானோ. புபுசி. படகு. நாளைக்கு."

இரண்டாம் முறையும் மறுத்தால் என்ன ஆகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் அவனை விரட்ட மாட்டார்கள். அவன் தன் குடும்பத்தின் இடத்தில் வந்து உட்காரலாம், சாகும்வரை உட்காரலாம். அந்த இடம் காலி என்றே ஊர் நினைத்துக்கொள்ளும்.

தெபானோ எழுந்து, முதுகை வளைத்துக் குனிந்தபடி கூடத்தைக் கடந்து, யோதெபாவின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"எடுத்துக்கோ மச்சான். படகு உன்னோடது."

மரேவா விசிறுவதை நிறுத்தினாள். யோதெபா அவன் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தான். "எடுத்துக்கிட்டேன்."

"இப்ப நான் கேக்கறேன். புபுசி."

"என்ன வேணும்?"

"நாளைக்கு."

"நாளைக்கு என்ன?"

"நாளைக்குங்கற நாள். அதை எனக்குக் குடு."

யோதெபாவின் தாடை இறுகியது. படகைக் கேட்பார்கள், பன்றியைக் கேட்பார்கள், பிள்ளையை வளர்க்கக் கேட்டவர்கள்கூட உண்டு. ஒரு நாளை யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்றும் யாரும் சொல்லி வைக்கவில்லை. 'இல்லை' என்ற சொல் இப்போது யோதெபாவின் வாயில் வந்து நின்றது. அவன் தெகாரேயைப் பார்த்தான்.

"என்னைப் பாக்காதே," என்றார் பெரியவர், தாழை ஓலையில் புகையிலையைச் சுருட்டிக்கொண்டே. "எனக்குத்தான் காது கேக்காதே."

யோதெபா மூச்சை விட்டான். "படகு என்னோடதுதானே?"

"உன்னோடது."

"அப்ப நாளைக்கு உன்னோடது, போ. நாளன்னிக்கு?"

"நாளைக்கு வந்து கேப்பேன்."

சொன்னபடியே மறுநாள் விடிந்ததும் தெபானோ யோதெபாவின் வீட்டு முன்னால் போய் நின்று அடுத்த நாளைக் கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். யோதெபா ஒவ்வொரு தடவையும் கூடுதலாகக் காக்க வைத்தான். பதநீரை உறிஞ்சிக் குடிப்பான், வாயைக் கொப்பளிப்பான், "தரலாமா வேணாமான்னு யோசிக்கறேன்" என்பான். பார்ப்பதற்கு ஊரே வந்து நின்றது. பன்றியும் பக்கத்தில் கட்டிக் கிடந்தது. காற்று மேற்கிலேயே இருந்தது. ஒருநாள் கனத்த மழையோடு, ஒருநாள் வெறுமனே. கொடுத்த வாக்கு எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மரேவா அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆறாம் நாள் காலையில் தெபானோ வரவில்லை.

யோதெபா பதநீரைக் குடித்து முடித்தான். வாய் கொப்பளித்தான். பாதையைப் பார்த்தான். "எங்க போயிட்டான் அவன்?" என்று மனைவியிடம் எரிச்சலாகக் கேட்டான். அவள் பேசாமல் முகத்தை மேலே காட்டினாள். தென்னை ஓலைகள் எல்லாம் மறுபக்கம் சாய்ந்திருந்தன. காற்று கிழக்கிலிருந்து சீராக வந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் தெபானோவின் வீட்டு முன்னால் வந்து நின்றான்.

"மச்சான், உன் அரத்தைக் குடு. மோட்டார்ல ஒரு ஆணி துருத்திக்கிட்டிருக்கு. நீயும் கிளம்பு, அந்த மோட்டார் உன் கைக்குத்தான் கேக்கும். பன்னிக்கு ரெண்டு தேங்காயும் எடுத்துக்கோ, வழியில கத்தும்."

"புபுசியா?" என்றான் தெபானோ.

"பின்ன?"

தெபானோ கூரைக்காலில் கட்டியிருந்த அரத்தை அவிழ்த்தான். தளத்திலிருந்து இறங்கும்போது முழங்காலை மார்புவரை தூக்கி வைத்தான். யோதெபா அதைப் பார்த்துவிட்டு, தானும் அதேபோல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.